தலை ரீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தலைமை ஆசிரியர் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, பையில் மூன்று பேனைகள். ஆனால் பண்டத்தரிப்புச் சந்தியில் இறங்கி, அந்தப் பள்ளிக்கூடத்தின் தலை யார் என்று கேட்டிருந்தால், ஒருவரும் அவரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்த ஒரு பெண்ணைத்தான் சொல்லியிருப்பார்கள். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வரவுப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் அவர் தலை ரீச்சர்.

ஆசிரியர் அறையில் பத்து வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் நான். அதனால் அந்தத் தலையைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. கொஞ்சம் தகுதியின்மையும் உண்டு. அது பின்னால் வரும்.

அவருடைய தலைமயிர் சுருட்டை. சுருட்டை என்றால் நெற்றியில் அழகாக விழும் இரண்டு சுருள் அல்ல. ஒவ்வொரு மயிரும் பேனைக்குள் இருக்கும் ஸ்பிரிங் போலச் சுற்றி, பக்கத்து மயிரோடு சண்டைபிடித்துக்கொண்டு நிற்கும். விட்டால் கீழே இறங்காது. மேலேயும் பக்கவாட்டிலும் போகும். முப்பது வயதுவரை அதை யாரும் விட்டதில்லை. தினமும் காலை ஒரு மணித்தியாலம், கால் போத்தல் நல்லெண்ணெய், பதினெட்டு ஊசி. இவ்வளவும் சேர்ந்து அதைப் பிடித்து ஒரு சிறிய கொண்டையாக்கி வைத்திருந்தன. மத்தியான வெயிலில் எண்ணெய் கழுத்தால் வழிந்து சட்டையை நனைக்கும். அதற்கு அடக்கமான பெண் என்று ஊரில் பெயர்.

அவரை வளர்த்தவர் அவருடைய சின்னம்மா. நல்ல மனுசி. பெண் பார்க்க யாராவது வருகிற நாளில், மேசையில் துவாயை விரித்து, பிள்ளையின் தலையைச் சரித்து வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, கரி ஸ்திரிக்கைப்பெட்டியால் அழுத்துவார். சேலைக்கு அழுத்திய அதே சூடு. இடது காதின் மேல்நுனியில் ரீச்சருக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. பிள்ளைக்கு நல்ல இடத்தில் கலியாணம் நடக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் சுட்ட தழும்பு அது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, பலகாரம் சாப்பிட்டு, வியர்வையில் மெல்ல மெல்ல எழும்புகிற தலையைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். ஸ்திரிக்கை அரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது.

அந்தக் காலத்தில் பெண்ணுக்குத் தலை எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இந்தியாவிலிருந்து வருகிற சஞ்சிகைகளின் பின் அட்டையில் எண்ணெய் விளம்பரம் இருக்கும். ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். தலைமயிர் முழங்காலுக்குக் கீழே நேராக இறங்கும். முகம் தெரியாது. அது தேவையென்றும் யாருக்கும் தோன்றவில்லை.

இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்துத்தான் குழம்பியது. சவூதியில் வேலை செய்த என் கணவர் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவந்திருந்தார். ஞாயிறு என்றால் அயலில் முப்பது பேர் வந்து பாயில் இருப்பார்கள். கடலுக்கு அங்காலிருந்து தமிழ்ப் படம் வரும். அதற்கு முன்னால் கொழும்பு நிலையத்தில் கால் மணித்தியாலம் வெள்ளைக்காரப் பாட்டுகள். அந்தக் கால் மணித்தியாலம் தேத்தண்ணி குடிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. நான் கோப்பைகளோடு வந்தபோது ரீச்சர் மட்டும் எழும்பாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கறுப்பினப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய தலை முகத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டமாக நின்றது. வெளிச்சம் பின்னாலிருந்து அதற்குள் புகுந்து வந்தது. அவள் அதைத் தொடவுமில்லை, ஒதுக்கவுமில்லை.

"தொப்பி பிள்ளை அது. குளிர் நாடெல்லோ," என்றார் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபர். அவருக்குத் தெரியாத விசயம் உலகத்தில் இருந்ததில்லை.

"இல்லை ஐயா. நெத்தியிலை பாருங்கோ, வேர் தெரியுது. அது அவவின்ரை மயிர்தான்," என்றார் ரீச்சர்.

"அப்ப பாவம்," என்றார் அவர்.

பாட்டு முடிந்து கூட்டம் கை தட்டியபோது, ரீச்சர் எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"எவ்வளவு சனம் கை தட்டுது பாரும். ஒருத்தரும் எண்ணெய் வைக்கச் சொல்லேல்லை."

படம் தொடங்க முன்னமே எழும்பிப் போய்விட்டார். நாங்கள் படத்தைப் பார்த்தோம். கதாநாயகி மூன்று மணித்தியாலமும் நேரான தலையோடு அழுதாள்.

அடுத்த நாள் காலை, பிரார்த்தனை தொடங்கிய நேரம், ரீச்சர் வாசலால் நுழைந்தார். எண்ணெய் இல்லை, ஊசி இல்லை. முந்தினநாள் இரவு தோய்ந்து காயவிட்ட தலை, வேலியோரத்து முருங்கையைத் தொட்டுக்கொண்டு வந்தது. அதே பருத்திச் சேலை, அதே குடை, அதே கொப்பிக் கட்டு. பிள்ளைகள் தேவாரத்தின் இரண்டாம் வரியில் நின்றுபோனார்கள்.

தலைமை ஆசிரியர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். கதவு திறந்திருந்ததால் ஆசிரியர் அறையிலிருந்த எல்லாருக்கும் காது அந்தப் பக்கம் போனது.

"என்ன ரீச்சர், தலைக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை சேர். இவ்வளவு நாளும்தான் நடந்துகொண்டிருந்தது."

"பிள்ளையள் பயப்பிடப் போகுதுகள்."

"ஆமிக்காரன்ரை ஹெலி வந்து சுத்தேக்கை பயப்பிடாத பிள்ளையள் சேர். மயிருக்குப் பயப்பிடுங்களே?"

அவர் சுற்றறிக்கைக் கோவையை எடுத்தார். மாணவிகள் இரட்டைப் பின்னல் பின்ன வேண்டும் என்று இருந்தது. ஆசிரியைகளின் சேலையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஆசிரியைகளின் தலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இத்தனை வருடம் சுற்றறிக்கை எழுதியவர்களுக்கு இப்படியொரு தலை வரும் என்று தோன்றவில்லை. அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானகூடத்துக்குக் கூரை இல்லை. பிள்ளைகள் இருக்கிற வாங்குகள் பாதி உடைந்து கிடந்தன. அந்த வாரம் முழுவதும் நிர்வாகம் தலையைப் பற்றியே யோசித்தது.

ரீச்சர் வழமைபோலப் படிப்பித்தார். தோலைப் பற்றிய பாடம் வந்தபோது கரும்பலகையில் இரண்டு மயிர்க்கால்களைக் கீறி, ஒன்று வட்டம், அதில் நேர்மயிர் முளைக்கும், மற்றது நீள்வட்டம், அதில் சுருள் முளைக்கும் என்று விளக்கினார். எது நல்லது ரீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்டதாம். "வட்டம் நல்லதோ நீள்வட்டம் நல்லதோ எண்டு கணக்கு ரீச்சரைப் போய்க் கேள்," என்றாராம். பிள்ளை உண்மையாகவே வந்து கேட்டது. கணக்கு ரீச்சர் நான்.

பிறகுதான் பிரச்சினை பெருத்தது. ஒரு மாதத்துக்குள் மாணவிகளின் பின்னல்கள் இளகத் தொடங்கின. எங்கள் பள்ளிக்கூடத்தில் சுருட்டைத் தலைப் பிள்ளைகள் பதினேழு பேர் இருந்தது அதுவரை எங்களுக்குத் தெரியாது. எண்ணெய் அவர்களை மறைத்து வைத்திருந்தது. இரட்டைப் பின்னல் சட்டத்தை ஒருத்தியும் மீறவில்லை. ஆனால் பின்னலுக்கு வெளியே, நெற்றியிலும் பிடரியிலும், மயிர் தன்பாட்டில் நின்றது. ஒரு தாய் வந்து, தன் மகள் எண்ணெய்ப் போத்தலைத் தட்டிவிட்டாள் என்று தலைமை ஆசிரியரிடம் அழுதார்.

தலைமை ஆசிரியர் கல்விக் கந்தோருக்கு ஒரு மனு எழுதினார். ஒழுக்கம், பண்பாடு, மாணவர் எதிர்காலம் எல்லாம் அதில் இருந்தன. ஆசிரியர்கள் பதினொரு பேரும் கையெழுத்து வைத்தோம். ஏழாவது கையெழுத்து என்னுடையது. தலைமை ஆசிரியர் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், பேனையும் அவருடையது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்கும் ஆறுதலாயிருந்திருக்கும்.

நான்கு மாதம் கழித்துக் கந்தோரிலிருந்து பதில் வந்தது. மேற்படி ஆசிரியையின் தலைமுடி இயற்கையானதா, செயற்கையாக அலங்கரிக்கப்பட்டதா என்பதற்கு வைத்தியரின் அத்தாட்சிப் பத்திரம் சமர்ப்பிக்கவும். கந்தோர்க்காரர் வேலையில் சுத்தம்; மனுவின் பிரதியையும் இணைத்து நேரே ரீச்சருக்கே அனுப்பியிருந்தார்கள்.

அவர் அதை ஆசிரியர் அறையில் இருந்து, முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உம்மடை கையெழுத்து நல்ல வடிவு. கடைசி எழுத்திலை ஒரு சுழி வைச்சிருக்கிறீர். அவசரத்திலை போட்டமாதிரித் தெரியேல்லை."

மத்தியானம் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, வழமைபோலப் பாதிப் புட்டை என் பக்கம் தள்ளினார். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அவரைப் பற்றிக் குறை சொல்லியிருப்பேன். புட்டை என்ன செய்வது? சாப்பிட்டேன்.

"நாளைக்கு டொக்டரிட்டைப் போகவேணும், நீரும் வாரும்," என்றார். போனேன்.

டொக்டர் வயதானவர். காய்ச்சல்காரர்கள், காயக்காரர்கள் என்று வெளியே நீண்ட வரிசை.

"என்ன வருத்தம்?"

"வருத்தம் ஒண்டுமில்லை டொக்டர். இது என்ரை தலைமயிர்தான் எண்டு ஒரு சேட்டிபிக்கற் வேணும்."

டொக்டர் கந்தோர்க் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் வாசித்தார். பிறகு எழும்பி வந்து, ஒரு சுருளை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார்.

"நோகுதோ?"

"ஓம்."

"நோகுதெண்டால் உம்மடைதான்."

ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி, முத்திரை குத்தித் தந்தார். அரசாங்க முத்திரை பெற்ற தலை வடமாகாணத்தில் வேறு யாருக்கும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. கந்தோருக்கு ஒரு பிரதி போனது. பதில் வரவில்லை. அதற்குள் கந்தோர் இரண்டு தரம் இடம்மாறிவிட்டது. மூலப்பத்திரத்தை ரீச்சர் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அது ஒருநாள் உதவியது. சண்டை ஓய்ந்து, இந்திய இராணுவம் தெருவுக்குத் தெரு காவலுக்குச் சென்றி போட்டிருந்த காலம். வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். சென்றியில் நின்ற சிப்பாய் ரீச்சரை மறித்து, தலைக்குள் என்ன இருக்கிறது என்று சைகையால் கேட்டான். கையிலிருந்த தடியை நீட்டவும் போனான். ரீச்சர் கைப்பையைத் திறந்து பத்திரத்தைக் கொடுத்தார். அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். உள்ளே போய் இன்னொருவனைக் கூட்டிவந்தான். இருவரும் வாசித்தார்கள். பிறகு முதல் சிப்பாய் தன் இரும்புத் தொப்பியைக் கழற்றிக் குனிந்து காட்டினான். ஒட்ட வெட்டிய தலை. வெட்டியும் அடங்காமல் சுருண்டு கிடந்தது. ரீச்சர் அதைக் கவனமாகப் பார்த்து, "ஓம், நீள்வட்டம்," என்றார். அவனுக்கு விளங்கியிருக்காது. சிரித்துக்கொண்டு போகச் சொன்னான்.

இப்படிச் சிரிப்புக்குரிய விசயங்களையே எழுதிக்கொண்டு போனால், அந்தத் தலை அவரிடமிருந்து ஒன்றும் பிடுங்கவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். அதற்காகக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரையும் சொல்லவேண்டும்.

அது தொலைக்காட்சிக்குப் பிந்திய வருடம். மனேச்சருக்கு நாற்பது வயது, மனைவி இறந்தவர், மரியாதையான மனிதர். உடுப்பிட்டியிலிருந்து தானே நேரில் வந்தார். சின்னம்மா ஸ்திரிக்கைப்பெட்டியில் கரி போட்டுவிட்டுக் காத்திருந்தார். ரீச்சர் மேசைப் பக்கமே போகவில்லை. மனேச்சர் ரீச்சரோடு அரை மணித்தியாலம் கதைத்தார். இருவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. முடிவில் அவர் சொன்னார்:

"எனக்கு உங்களிலை எல்லாம் சம்மதம். தலை மட்டும்தான் கொஞ்சம் யோசினையாக் கிடக்கு."

"எனக்கும் அப்பிடித்தான்," என்றார் ரீச்சர்.

மனேச்சரின் தலையில் காதோரத்தில் மட்டும் கொஞ்சம் மயிர் இருந்தது. பாவம், அவர் அதையும் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டார்.

"கலியாணத்தண்டைக்கு மட்டும் எண்ணெய் வைச்சுக் கட்டினால் காணும். சனம் பாக்குமெல்லோ."

"மற்ற நாளிலை?"

"மற்ற நாளிலை வீட்டுக்குள்ளைதானே."

ரீச்சர் இரண்டு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் புத்தி சொன்னேன். கையெழுத்து வைத்தவளுக்குப் புத்தி சொல்ல என்ன உரிமை என்று கேட்காதீர்கள். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.

"ஒருநாள்தானே கேக்கிறார். கட்டிப்போட்டு ஓம் எண்டு சொல்லுமன். இனி ஒரு சம்மந்தம் வருமோ?"

"வராது," என்றார். மேசை இலாச்சியைத் திறந்து ஒன்றும் எடுக்காமல் மூடினார். "நல்ல மனுசன். ஓம் எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான். வீட்டுக்குள்ளைதானே எண்ட உடனை மூடியிட்டுது. உமக்குத் தலை இழுத்துச் சீவுறது அஞ்சு நிமிச வேலை. நான் முப்பது வயதுமட்டும் விடிய எழும்பி, கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு, உது சரியில்லை, உது சரியில்லை எண்டு எனக்கே சொல்லிக்கொண்டிருந்தனான். திரும்ப என்னாலை ஏலாது."

அன்றைக்குத்தான் அவர் அழுததைப் பார்த்தேன். பத்து வருடத்தில் ஒருதரம். சத்தமில்லாமல், மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு. மணி அடித்ததும் எழும்பி ஒன்பதாம் வகுப்புக்குப் போனார். சின்னம்மா அவரோடு மூன்று மாதம் கதைக்கவில்லை. பிறகு வேறு ஒருவரும் கேட்டு வரவில்லை.

ஊர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. எங்களுக்குப் பழகுவதற்கு வேறு எவ்வளவோ வந்து சேர்ந்தன.

பிறகு, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி. ஆமி முன்னேறி வருகிறதென்று எங்கள் வலிகாமம் முழுதும் ஒரேயடியாக எழும்பி, தென்மராட்சிக்குப் போகிற ஒற்றைத் தெருவில் இறங்கியது. மழை. சைக்கிளில் இரண்டு பெட்டி, பின்னால் பாய், கையில் ஒன்பது வயது மகள். என் கணவர் கொழும்பில் அகப்பட்டுப்போயிருந்தார். விடிந்து எட்டு மணியளவில் நாவற்குழிப் பாலத்தில் நெரிசலுக்குள் சைக்கிள் சரிந்தது. அதை நிமிர்த்த ஒரு கையை விட்டேன். நிமிர்த்திவிட்டுத் திரும்பிப் பார்க்க, மகள் இல்லை.

அந்த நாளை விவரிக்க எனக்குத் தெரியாது. சைக்கிளைப் பாலத்தடியில் போட்டுவிட்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஓடினேன். எல்லாத் தலையும் ஒரே மாதிரி இருந்தது. நனைந்து, படிந்து, கறுப்பாய், நேராய். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எல்லாரும் எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானம்போல, எதிரே வந்த ஒரு மனிதர் நின்று கேட்டார்: "நீங்கள் பிள்ளையைத் தேடுறியளோ? சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலை தலை ரீச்சர் கொஞ்சப் பிள்ளையளோடை நிக்கிறா."

அவரை எனக்குத் தெரியாது. அவர் எங்கள் ஊர்க்காரரும் அல்ல.

பள்ளிக்கூட வளவுக்குள் ஆயிரக்கணக்கில் சனம். வாசலில் நின்றபடியே கண்டேன். நடு முற்றத்தில் வாங்குக்கு மேல் வாங்கு அடுக்கி, அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். மழை விட்டு மெல்லிய வெயில் அடித்தது. எல்லாத் தலைக்கும் மேலே அந்தத் தலை வட்டமாய் நின்றது. கீழே ஆறு பிள்ளைகள். ஒன்று என்னுடையது.

என்ன நடந்தது என்று பிறகு மகள்தான் சொன்னாள். பாலத்தில் தனியே நின்று அழுத அவளைச் சனம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. பாலம் தாண்டி ரீச்சர் கண்டு கையில் பிடித்திருக்கிறார். வழியில் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது ரீச்சரின் தலையும் எல்லாரையும்போல நனைந்து படிந்து கிடந்ததாம்.

"உது காய்ஞ்சு எழும்பினால்தான் உங்கடை அம்மாமார் கண்டுபிடிப்பினம் எண்டு சொன்னவ அம்மா. நாங்கள் ஆறு பேரும் கொப்பி மட்டையாலை விசுக்கினனாங்கள். அதிலை ஒரு அண்ணா வாயாலையும் ஊதினவர். ரீச்சர் விரலாலை இழுத்து இழுத்து விட்டவ. பிறகு கெதியா எழும்பியிட்டுது."

நான் ரீச்சரின் காலடியில் நின்று கையெடுத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"முதலிலை பிள்ளைக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடும். விடியத் தொடக்கம் ஒண்டும் குடிக்கேல்லை. கும்பிட்டுக்கொண்டு நிக்காதையும், வழியிலை நிக்கிறீர்."

மாலைக்குள் ஆறு பிள்ளைகளுக்கும் ஆள் வந்துவிட்டது. அதற்குள் செய்தி பரவி, பெரியவர்களும் வந்து சேர்ந்தார்கள். மனைவியைத் தவறவிட்டவர், தகப்பனைத் தேடுகிறவர், எல்லாரும் அந்த வாங்குகளைச் சுற்றிக் காத்திருந்தார்கள். இரண்டாம் நாள் எங்கள் தலைமை ஆசிரியர் வந்தார். வேட்டி சேறாகியிருந்தது, பையில் ஒரு பேனையும் இல்லை. மனைவியைப் பாலத்தில் தவறவிட்டுவிட்டார். ரீச்சருக்கு முன்னால் வந்து, நிமிர்ந்து, வாசலைப் பார்த்தபடி நின்றார்.

"சேர்," என்றார் ரீச்சர் மேலிருந்து, மிக மரியாதையாக. "கொஞ்சம் இஞ்சாலை தள்ளி நில்லுங்கோ. தெருவிலை வாறவைக்கு மறைக்குது."

அவர் தள்ளி நின்றார். அவருடைய மனைவி பின்னேரம் வந்தார்.

நான்காம் நாள் ரீச்சர் தன் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு, உழவு இயந்திரப் பெட்டியொன்றில் ஏறிக் கிளிநொச்சிப் பக்கம் போனார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லையாம். போட்டு வாறன் என்று எனக்கும் மகளுக்கும் சொன்னார். பெட்டியில் நாற்பது பேர் நெருங்கி நின்றார்கள். தெரு திரும்பும்வரை எனக்கு அவர் எங்கே நிற்கிறார் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

முற்றத்தில் வாங்குகள் அடுக்கியபடியே கிடந்தன. அன்று பின்னேரமும் சனம் வந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே நுழைந்து, எந்த இடத்தில் போய் நிற்பது என்று தெரியாமல், ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு வளவு முழுக்க அலைந்தார்கள்.